அரைக் குதிரைசக்திக் கால்கள்

தென்காசி காசிவிசுவநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 180 அடி உயரம் என்பார்கள். அதன் உச்சியில் இன்னொரு நாலு மாடிக் கட்டடத்தைத் தூக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 230 அடி, அதாவது 70 மீட்டர். அந்த உயரத்தைக் காலில் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு, வழுக்கும் பனியின் மேல், இரண்டு நிமிடச் சொச்சத்தில் ஏறவேண்டும். ஏறிய சூட்டோடு அதே பலகைகளில் சறுக்கிக் கீழே வரவேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும்.

இந்த விளையாட்டின் பெயர் ஸ்கீ மலையேற்றம். ஆடுபவர்கள் செல்லமாக ‘ஸ்கிமோ’ என்கிறார்கள். 2021 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் குழு இதைச் சேர்க்க ஒப்புக்கொண்டது. 2026 பிப்ரவரியில் மிலானோ கார்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில், பொர்மியோ என்ற இத்தாலிய மலையூரில் முதல்முறையாக அரங்கேறியது. ஆண்களுக்கு ஒரு குறும்பந்தயம், பெண்களுக்கு ஒன்று, ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஒன்று. இதன் தாத்தா முறையில் ஒரு ஆட்டம் 1924-லேயே, பிரான்சின் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருந்தது. ராணுவ ரோந்து என்று அதற்குப் பெயர்.

சரி, இதற்கும் தென்காசிக்கும் என்ன சம்பந்தம்? குற்றாலத்தில் சாரல் உண்டு, பனிமலை கிடையாது. ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்குவதுதான் நாம் அறிந்த அதிகபட்சக் குளிர். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்த விளையாட்டில் பனி எவ்வளவு பங்கு, உடம்பு எவ்வளவு பங்கு? கணக்குப் போட்டால் விடை எதிர்பார்த்தபடி இருக்காது.

புல்கதிர் ஏறுகிற வித்தை

முதலில், வழுக்கும் பனியில் வழுக்கும் பலகையோடு எப்படி மேலே ஏற முடிகிறது?

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதன் பாதி விடை தெரியும். சொரசொரப்பான ஒரு புல்கதிரைக் காம்பு மேலே பார்க்கும்படி சட்டைக் கைக்குள் செருகிவிட்டு, கையை ஆட்டிக்கொண்டே நடந்தால் கதிர் தானாக மேலே மேலே ஏறித் தோளுக்குப் போய்விடும். கதிரின் முட்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதுதான் காரணம். ஒரு திசையில் தள்ளினால் முள் படிந்து வழிவிடும். எதிர்த்திசையில் இழுத்தால் நிமிர்ந்து துணியைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்கீ பலகையின் அடியில் ஒட்டும் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு இன்றும் ‘தோல்’ என்றே பெயர், ஏனென்றால் ஒரு காலத்தில் அது சீல் என்ற கடல்விலங்கின் தோல். இப்போது அங்கோரா ஆட்டின் மொஹேர் ரோமமும் நைலானும் பயன்படுகின்றன. ரோமம் முழுவதும் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பலகையை முன்னே தள்ளினால் வழுக்கிப் போகும். எடையைப் பின்னால் ஊன்றினால் பனியைக் கவ்விக்கொள்ளும். ஒரு பக்கம் உராய்வு குறைவு, மறுபக்கம் அதிகம் என்ற ஒரே இயற்பியலில் இந்த ஏற்றம் முழுவதும் நிற்கிறது.

இன்னொரு வித்தை காலணியைப் பலகையோடு பிணைக்கும் கருவியில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் உருவாக்கிய அமைப்பு அது. காலணியின் விரல்பக்கத்தை இரண்டு சிறு ஊசிகள் இருபுறமும் கவ்விக்கொள்ளும். ஏறும்போது குதிகால் விடுதலையாக எழும்பும், நாம் நடப்பதைப் போல. இறங்கும்போது குதிகாலும் பூட்டிக்கொள்ளும். பந்தயத்துக்கென்று செய்யும் பலகை ஒன்று, பிணைப்போடு சேர்த்தே, ஒரு கிலோவுக்கும் குறைவு.

பந்தயத்தின் நடுவில் கொஞ்ச தூரம் பலகைகளைக் கழற்றி முதுகுப்பையில் மாட்டிக்கொண்டு காலால் ஏறவேண்டும். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு உச்சிக்குப் போய், நின்ற நிலையில் தோலைச் சரக்கென்று உரித்து, உடுப்பின் முன்பைக்குள் திணித்து, குதிகாலைப் பூட்டிக்கொண்டு பாயவேண்டும். தோலைச் சரியாக உள்ளே வைக்கவில்லை என்றால் நேரத் தண்டனை. இதயம் தொண்டைக்கு ஏறி, விரல் விறைத்திருக்கும் வேளையில் இதையெல்லாம் சில விநாடிகளில் முடிக்கவேண்டும். ஊசியில் நூல் கோக்கிற காரியத்தை ஓடிவந்து நின்ற கையோடு செய்வது மாதிரி.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்

இனி கணக்கு. வீரரின் எடை 65 கிலோ, சாமானும் உடுப்பும் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 70 கிலோவை 70 மீட்டர் தூக்க, புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் சுமார் 48,000 ஜூல் வேலை. ஏற்றத்துக்கு 130 விநாடி ஆகிறது என்றால், விநாடிக்கு ஏறக்குறைய 370 ஜூல், அதாவது 370 வாட்.

370 வாட் என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்.பி. மோட்டாரின் திறன் 373 வாட். அந்த மோட்டார் இரண்டு நிமிடம் ஓடுகிற வேலையை ஒரு மனித உடம்பு செய்கிறது.

மோட்டாரைவிட நம் தசைக்கு ஒரு குறை உண்டு. உள்ளே எரிகிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறும். முக்கால் பங்கு சூடாகப் போய்விடும். 370 வாட் வேலை கிடைக்க உடம்பு கிட்டத்தட்ட 1,500 வாட் எரிக்கிறது. அதில் 1,100 வாட் சூடு. ஒரு இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மலையேறுவதற்குச் சமம்.

இவ்வளவு சக்திக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தசையின் செலவுக்கு மூன்று வழி. முதல் பத்து விநாடிக்குக் கைச்சில்லறை: தசைக்குள்ளேயே தயாராக இருக்கும் ஏ.டி.பி.யும் கிரியாட்டின் பாஸ்பேட்டும். அது தீர்ந்ததும் கைமாற்று: சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே அவசரமாக உடைப்பது. உடனே பணம் கிடைக்கும், ஆனால் தசை அமிலமாகிக் கால் கல்லாகும். பிறகு திருப்பிக் கட்டியாகவேண்டும். மூன்றாவது ஒழுங்கான வருமானம்: ஆக்சிஜனைக் கொண்டு எரிப்பது. மெதுவாகத் தொடங்கும், ஆனால் வற்றாது.

மூன்று நிமிடம் உயிரைக் கொடுத்து உழைத்தால் அந்தச் செலவில் முக்கால் பங்கு அளவு மூன்றாவது வழியிலிருந்தே வருகிறது. நூறு மீட்டர் ஓட்டம்போல ‘ஒரே மூச்சில்’ முடிகிற விஷயம் இல்லை இது. அதோடு ஒரே நாளில் முதல் சுற்று, அரையிறுதி, இறுதி என்று மூன்று முறை ஏறவேண்டும். காலையில் வாங்கிய கைமாற்றை அடுத்த சுற்றுக்குள் அடைத்தவர்தான் இறுதியில் தாக்குப்பிடிப்பார். சீக்கிரம் அடைக்க முடிந்தவர் யார்? வருமானம் பெரிதாக உள்ளவர்.

அந்த வருமானத்தை அளக்க ஒரு எண் உண்டு. ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ஆக்சிஜனை உடம்பு பயன்படுத்த முடியும் என்பதே அது. நம் கணக்கின் 1,500 வாட்டை முழுக்க ஆக்சிஜனாலேயே ஈடுகட்டுவதாக வைத்தால் 65 மில்லி வருகிறது. பயிற்சி இல்லாத ஆரோக்கியமான இளைஞருக்கு இது 40-ஐ ஒட்டி இருக்கும். முதல்வரிசை வீரர்களுக்கு 70-ஐத் தாண்டும். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி இதயத்தில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் இறைக்கிறது. நன்கு பயின்ற வீரரின் இதயம் உச்சத்தில் 30 லிட்டருக்கு மேல் இறைக்கும். வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் அளவில் சொன்னால், நிமிடத்துக்கு ஒன்றரைக் கேன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை சொன்ன எதற்கும் பனி தேவைப்படவில்லை. இதயம் பெருக்கும் வேலைக்குத் தேவை ஏற்றம். ஏற்றம் நம்மூரில் இருக்கிறது. பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். படி ஒன்று அரை அடி என்று கொண்டால், 70 மீட்டர் என்பது சுமார் 460 படி. அதை 130 விநாடியில் ஏறுவதென்றால் விநாடிக்கு மூன்றரைப் படி. கடிகாரத்தோடு ஒருமுறை ஏறிப் பாருங்கள், பொர்மியோவில் என்ன நடந்தது என்பது தொடைக்குப் புரியும்.

காசு கொடுத்து வாங்குகிற வெயில்

மலை விளையாட்டு என்றதும் உயரத்தில் போய்ப் பயிற்சி எடுக்கவேண்டும் என்பது பொதுவான எண்ணம். அதில் உண்மை உண்டு. காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். சிறுநீரகம் இதை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அதிகம் செய்யத் தொடங்கும். ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் கூடும்.

இதே பலனுக்கு வேறொரு குறுக்குவழியை நார்வேயில் பென்ட் ரோன்னெஸ்டாட் குழுவினர் ஆராய்ந்து, 2021-இல் வெளியிட்டார்கள். தேர்ந்த சைக்கிள் வீரர்களைச் சுமார் 38 டிகிரி சூடும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், வாரம் ஐந்து நாள், நாளுக்கு 50 நிமிடம், ஐந்து வாரம் மிதிக்கவைத்தார்கள். முடிவில் அவர்களுடைய மொத்த ஹீமோகுளோபின் சில விழுக்காடு கூடியிருந்தது. காரணத்தை இப்படி விளக்குகிறார்கள்: வெப்பத்தில் உழைக்கும் உடம்பு வியர்வைக்காக ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பெருக்கிக்கொள்கிறது. தண்ணீர் கூடினால் ரத்தம் நீர்த்துப்போகும். சிவப்பணு விகிதம் குறைவதைச் சிறுநீரகம் கவனித்து, அதே எரித்ரோபாய்டினைச் சுரக்கிறது.

38 டிகிரியும் புழுக்கமும் நமக்குப் புதிதா? நார்வேக்காரர் அறை கட்டி, ஹீட்டர் போட்டு உண்டாக்குவதைத் தென்காசிச் சீமையின் கோடை ஓசியில் தருகிறது. அப்புறம் ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்து, குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிடும். சூட்டில் பெருக்கிய ரத்தத்தைக் கொண்டு, குளிர்ந்த சாரல் காற்றில் வேகப் பயிற்சி செய்யலாம். பயிற்சியாளர் ஒருவர் உட்கார்ந்து வகுத்த ஆண்டுத் திட்டம்போல நம் பருவங்கள் அமைந்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டு மே மாத நண்பகலில் தனியாக ஓடக் கிளம்பிவிட வேண்டாம். அந்த ஆய்வு ஆராய்ச்சியாளர்களின் கண்காணிப்பில் நடந்தது. வெப்பத்தாக்கு உயிரை எடுக்கும்.

பாதத்துக்கு மட்டும் தெரிந்த பாடம்

ஏற்றம், இதயம், ரத்தம் எல்லாம் சரி. இறக்கம்?

அங்கேதான் நம் கணக்கு இடறுகிறது. பலகையின் ஓரத்தை எத்தனை பாகை சாய்த்தால் பனி பிடிக்கும், எந்த நொடியில் எடையை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றவேண்டும் என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. காலை வெயில் படாத பனி ஒரு மாதிரி, மதியம் இளகிய பனி வேறு மாதிரி. பாதமும் கணுக்காலும் அனுப்பும் செய்தியைச் சிறுமூளை வாங்கி, நாம் யோசிக்கும் முன்பே தசைக்குப் பதில் சொல்லவேண்டும். சைக்கிள் பழகியது போலத்தான். விழுந்து விழுந்துதான் வரும். அதற்குப் பனிமேல் கழித்த நாட்கள் வேண்டும்.

பனியில்லாத ஊர்க்காரர்கள் இந்தச் சுவரில் பல இடங்களில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பனி அறியாத புளோரிடாவின் ஒக்காலா ஊரிலிருந்து வந்த எரின் ஜாக்சன், சக்கர ஸ்கேட்டிங்கில் பழகிய கால்களோடு பனித்தளத்துக்கு மாறி, 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டர் வேகச் சறுக்கில் தங்கம் வாங்கினார். நம் பக்கத்திலும் சான்று உண்டு. 2025 ஜனவரியில் லே நகரில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் ஐஸ் ஸ்கேட்டிங்கில் தமிழ்நாட்டு வீரர்கள் தங்கம் வென்றார்கள். நம்முடைய அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், குடகில் பிறந்த பவானி தெக்கட நஞ்சுண்டா, நெடுந்தூரப் பனிச்சறுக்கில் கர்நாடகத்துக்காகத் தங்கம் வென்றவர். காபித் தோட்டத்துப் பெண் குல்மார்க் போய் ஜெயிக்கிறார்.

காஷ்மீரின் ஆரிப் கான் கதை இன்னும் வேடிக்கையானது. குல்மார்க் அடிவாரத்துக்காரர், பனியிலேயே வளர்ந்தவர். 2022 ஒலிம்பிக்குக்கான தகுதிப் புள்ளிகளை அவர் ஒரு பிரிவில் எடுத்தது துபாயில், பாலைவன நகரத்து வணிக வளாகத்துக்குள் அமைத்த செயற்கைப் பனிச்சரிவில்! பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரர் அவர்தான். பெருஞ்சறுக்குப் பந்தயத்தில் 45-ஆவதாக வந்தார்.

ரோலர் ஸ்கீ என்று ஒரு கருவியும் இருக்கிறது. பலகைக்குப் பதில் சக்கரம் வைத்தது. அதில் ஒரு வகையின் சக்கரம் முன்னே மட்டும்தான் உருளும், பின்னே உருளாது; நம் புல்கதிர் வித்தைதான். ஐரோப்பிய வீரர்கள் கோடையில் தார்ச்சாலையில் இதை வைத்தே பழகுகிறார்கள். தோலை உரிப்பது, பிணைப்பைப் பூட்டுவது, பலகையை முதுகில் மாட்டுவது போன்ற கைவேலைகளுக்கு வீட்டுக் கூடத்தில் விரித்த ஜமுக்காளமே போதும்.

36 நாற்காலிகள்

உடம்பு தயார், கால் தயார் என்றே வைத்துக்கொள்வோம். ஒலிம்பிக் வாசல் எவ்வளவு அகலம்?

மிக ஒடுக்கம். பொர்மியோவில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 18 என்று உலகம் முழுவதற்கும் 36 இடம்தான். ஒரு நாட்டுக்கு ஆண்கள் இருவர், பெண்கள் இருவருக்கு மேல் கிடையாது. ஆரிப் கான் போன மலைச்சறுக்குப் பந்தயத்தில், குறைந்தபட்சத் தகுதிப் புள்ளியைத் தொட்ட சிறு நாட்டுக்கு ஒரு இடம் கிடைக்க வழி இருந்தது. ஸ்கிமோவில் இருக்கும் கொஞ்ச இடத்துக்குள் அப்படிப்பட்ட தாராளத்துக்கு இடமில்லை. உலகக்கோப்பைப் பந்தயங்களில் ஊர் ஊராகப் போய்த் தரவரிசைப் புள்ளி சேர்க்கவேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கலப்புத் தொடரில் 12 ஜோடிகள். அதாவது 36 பேரில் 24 பேர் ஜோடியாக வந்தவர்கள். தனியொரு நட்சத்திரத்தை மட்டும் வளர்க்கும் நாட்டுக்கு இங்கே வாய்ப்பு சுருங்கும். ஒரு அண்ணனும் ஒரு தங்கையும் சேர்ந்து வளரவேண்டிய விளையாட்டு இது.

2025 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சாலிட்யூட் என்ற இடத்தில் நடந்த உலகக்கோப்பைப் பந்தயம் இதைக் காட்டியது. ஆண்டுக்கணக்காக ஸ்கிமோவே வாழ்க்கையாக இருந்த கேமரன் ஸ்மித்தும், மலை ஓட்டத்திலிருந்து புதிதாக மாறிய அன்னா கிப்சனும் ஜோடியாக ஓடினார்கள். கிப்சனுக்கு அதுதான் முதல் உலகக்கோப்பை. ஜெயித்தே விட்டார்கள், அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் இடமும் கிடைத்தது. ஓட்டக்காரர் ஒருவர் சில மாதத்தில் ஒலிம்பிக் வாசலுக்கு வந்தார் என்பது நம் கணக்கின் முதல் பாதிக்குச் சாட்சி: மோட்டார்தான் பிரதானம். ஆனால் கிப்சன் வயோமிங் மாநிலத்துப் பனிமலையூரில், சிறுவயது முதல் ஸ்கீ மாட்டி வளர்ந்தவர். இது இரண்டாம் பாதிக்குச் சாட்சி: பாதத்தின் பாடத்தைச் சின்ன வயதிலேயே முடித்திருந்தார்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். தென்காசியில் பிறந்ததால் நுரையீரலும் இதயமும் குறைந்துபோவதில்லை. சொல்லப்போனால் நம் வெயிலும் மலையும் அவற்றுக்குச் சாதகம். குறைவது பனிமேல் கழிக்கும் நாட்கள் மட்டுமே. அதைப் பதின்மவயது தாண்டுவதற்குள் ஈடுகட்டவேண்டும். ஒவ்வொரு குளிர்காலமும் சில வாரம் குல்மார்க்கிலோ உத்தரகண்டின் அவ்லியிலோ பழகினால்தான் அது நடக்கும். குல்மார்க்கில் அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையமே இருக்கிறது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் ஸ்கீ மலையேற்றமும் ஒரு பிரிவு. படிக்கட்டு ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

யாரை அனுப்புவது என்பதுதான் முதல் வேலை. ஒரே பயிற்சி எல்லா உடம்பிலும் ஒரே பலன் தருவதில்லை. 20 வாரம் ஒரே மாதிரி பயிற்சி கொடுத்து அளந்த ‘ஹெரிடேஜ்’ ஆய்வில், சிலருக்கு ஆக்சிஜன் திறன் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் கூடியது. சிலருக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. பார்த்ததும் சொல்லிவிட முடியாது, அளந்துதான் தெரியும்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல உடல்நிலையில் உள்ள மாணவர்களை, ஆணும் பெண்ணுமாக, வெயில் ஏறும் முன் பண்பொழிப் படிக்கு அழைத்துப் போங்கள். நடந்தே ஏறட்டும். 460 படிக்கு ஆன நேரத்தையும், உச்சியில் ஒரு நிமிடம் ஓய்ந்தபின் நாடித்துடிப்பு எவ்வளவு இறங்கியது என்பதையும் குறித்துவையுங்கள். மூன்று மாதம் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி அதையே அளங்கள். இரண்டு எண்ணும் யாருக்கு மளமளவென்று மாறியதோ அந்தப் பெயர்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம், பனியும் வேண்டாம். படி கோயிலில் இருக்கிறது. கடிகாரம் எல்லார் போனிலும் இருக்கிறது.